வழக்குப் போடுபவரையே மாற்றினால் வழக்கு என்ன ஆகும்?

“தீர்ப்பு சொல்றது ஜட்ஜு. பிறகு எதுக்குண்ணே பிராசிகியூட்டரை மாத்துனா இவ்ளோ சத்தம் போடுறாங்க?” ஒட்டுக்கடையில் ஒரு தம்பி கேட்டது இது. நல்ல கேள்வி. ஊத்தான் மெலிந்தாங்கில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாங்கள் ஓட்டுப் போடுவது பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதியில். எங்கள் எம்பி துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ அஹ்மட் சாஹிட் ஹமிடி. அவர் மீதிருந்த 47 குற்றச்சாட்டுகளை 2023 செப்டம்பர் 4ஆம் தேதி அரசுத் தரப்பே தொடர விரும்பவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அன்று முதல் இந்த வட்டாரத்தில் ஆளுக்கொரு கருத்து. ஆனால் அந்த முடிவை எடுப்பவர் யார், அவரை யார் நியமிக்கிறார்கள், யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் வழக்கறிஞர் இல்லை. தெலுக் இந்தானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி. கோப்பு தூக்கிக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் நடந்து நடந்து தெரிந்துகொண்டதை, சட்டம் படிக்காதவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

பேனா யார் கையில்?

முதலில் சின்ன வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் செம்பனைக் குலை திருடினான் என்று ஒரு பையனைப் போலீஸ் பிடிக்கிறது. போலீஸ் விசாரிக்கும், வாக்குமூலம் எடுக்கும், கோப்பு தயாரிக்கும். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்தக் கோப்பு டிபிபி, அதாவது துணை அரசு வழக்கறிஞர், மேசைக்குப் போகிறது. வழக்குப் போடலாமா, எந்தப் பிரிவில் போடலாம், இல்லை ‘என்எஃப்ஏ’, அதாவது மேல் நடவடிக்கை இல்லை, என்று எழுதி மூடிவிடலாமா என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். தண்டனைச் சட்டம் 379இல் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பையனுக்கு வயது பதினெட்டு, முதல் தடவை, எடுத்தது சில குலைகள்தான் என்றால் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போகும். அதை ‘ரெப்ரசண்டேஷன்’ என்போம். ஐயா, இந்தக் குற்றச்சாட்டைக் குறையுங்கள் அல்லது மீட்டுக்கொள்ளுங்கள் என்று டிபிபியிடம் வைக்கிற விண்ணப்பம். பதில் வரும்வரை ‘மென்ஷன்’, அதாவது வழக்கின் நிலையைக் கேட்கும் தேதி, தள்ளிக்கொண்டே போகும். பையனின் அம்மா ஒவ்வொரு தேதிக்கும் சம்பளம் வெட்டி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஒரு நாள் டிபிபி எழுந்து, “குற்றச்சாட்டை மீட்டுக்கொள்கிறோம்” என்பார். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று புரியவே இன்னும் பத்து நிமிடம் ஆகும். “ஜட்ஜு எதுவும் கேக்கலியே தம்பி?” என்பார். கேட்பதற்கு ஒன்றுமில்லை அம்மா. தன் மேசைக்கு வந்த வழக்கை மட்டும்தான் நீதிபதி தீர்க்க முடியும்.

குலைத் திருட்டுக்கு உள்ள இதே ஏற்பாடுதான் கோடிக்கணக்கான வெள்ளி ஊழலுக்கும். டிபிபிக்கள் எல்லாரும் ஒரே ஒருவரின் பெயரில் வேலை செய்கிறார்கள். அவர்தான் சட்டத்துறைத் தலைவர். நம் நாட்டில் அவருக்கு இரண்டு தொப்பி. ஒன்று, அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசகர். இன்னொன்று, நாட்டின் தலைமை பிராசிகியூட்டர். கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது விதி, மூன்றாம் உட்பிரிவு, ஒரு குற்ற வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் அவருக்குத் தம் விருப்பப்படி அதிகாரம் தருகிறது. ஷரியா நீதிமன்றம், சபா சரவாக் சுதேசி நீதிமன்றம், இராணுவ நீதிமன்றம் ஆகிய மூன்று மட்டும் அந்த அதிகாரத்துக்கு வெளியே.

இதில் ‘நிறுத்தவும்’ என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வழக்குப் போட்டால் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையில் வரும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார், மேல்முறையீடு உண்டு. போடாமல் விட்ட வழக்குக்கு இது எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால், பிராசிகியூட்டரின் பெரிய அதிகாரம் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது இல்லை, ஏற்றாமல் விடுவது. அரசியல்வாதிகள் அந்த நாற்காலியின் மேல் கண் வைப்பதும் அதற்காகத்தான்.

நம் ஆட்களுக்கு மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சிறப்புச் சட்டத்தில் பிடித்துக் குற்றம் சாட்டினார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், ஒருவர் மலாக்கா, ஒருவர் நெகிரி செம்பிலான். ஜாமீன் இல்லை. தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்திருக்குமா என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ டோமி தாமஸ், இந்த வழக்கில் தண்டனை கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் நிறுத்தினார். மூன்று நாளில் ஆட்சி கவிழ்ந்தது. ஒரே வாரத்தில், 28ஆம் தேதி, அவர் பதவி விலகினார். அந்தக் கோப்பில் அவர் கையெழுத்துப் போடச் சில நாள் தாமதமாகியிருந்தால் அது வேறொருவர் மேசையில் இருந்திருக்கும். அவர் என்ன முடிவெடுத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆள் மாறினால் கோப்பின் கதை மாறக்கூடும் என்பதை மட்டும் அந்த ஒரு வாரம் காட்டியது. அந்த 12 பேரை விட்டதே அரசியல் என்று சொன்னவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பிடித்த முடிவு என்றால் நீதி, பிடிக்காத முடிவு என்றால் அரசியல் என்று பேசுவது நம் எல்லாருக்கும் உள்ள வியாதி.

நீக்கினாலே தப்பா?

இல்லை. பிராசிகியூட்டரை நீக்குவது பல நாடுகளில் சட்டப்படி சாதாரண விஷயம். வேலை சரியில்லை, ஒழுக்கப் பிரச்சினை, உடம்பு முடியவில்லை, ஓய்வு வயது வந்துவிட்டது, புதிய அரசாங்கம் தன் ஆளை வைக்க விரும்புகிறது, இப்படிப் பல காரணம் இருக்கலாம். குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நம் தோட்டத்து வழக்கத்தையே பாருங்கள். செம்பனை மில்லில் லாரி நிறுக்கும் கிராணியை மேனேஜர் எப்போது வேண்டுமானாலும் வேறு டிவிஷனுக்கு மாற்றலாம். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது. ஆனால் ஒரு குத்தகைக்காரரின் லாரிக் கணக்கு உதைக்கிறது என்று கிராணி நேற்றுதான் எழுதிக்கொடுத்தார். இன்று காலையில் மாற்றல் கடிதம். அந்தக் குத்தகைக்காரர் மேனேஜருக்கு மச்சான். புதிதாக வந்த கிராணி முதல் வேலையாக நேற்றைய குறிப்பைக் கிழித்துப் போடுகிறார். மாற்றும் அதிகாரம் மேனேஜருக்கு உண்டு என்பதில் இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் லயத்தில் ஒருவராவது அதைச் சாதாரண மாற்றல் என்று நம்புவாரா?

அதிகாரம் உண்டா என்பது ஒரு கேள்வி. எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கடையில் சண்டை வருகிறது. ஒரு தரப்பு, “அவருக்கு உரிமை இருக்குலா” என்கிறது. மறு தரப்பு, “அப்போ ஏன் இப்போ?” என்கிறது. இரண்டு பேரும் சரிதான், பேசுவது மட்டும் வேறு வேறு விஷயம்.

இந்தியாவில் இந்த இரண்டாவது கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1990இல் உத்தரப் பிரதேச அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரசு வழக்கறிஞர்களை ஒரே சுற்றறிக்கையில் நீக்கியது. யார் நன்றாக வேலை செய்தார், யார் செய்யவில்லை என்ற பேச்சே இல்லை, எல்லாரும் வெளியே. அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் பதவியில் பொதுநலன் கலந்திருக்கிறது, காரணமே இல்லாமல் இஷ்டத்துக்கு நீக்க அரசுக்கும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் 2006இல் நடந்தது

உலகத்தில் இந்த விஷயத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசிய சம்பவம் என்றால் அமெரிக்காவில் 2006இல் நடந்ததுதான். உள்நோக்கம் என்றால் என்ன, அதை எப்படித் தேடுகிறார்கள், தேடினாலும் எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்று மூன்றையும் அதில் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அங்கே மத்திய அரசுக்கு வட்டாரத்துக்கு ஒருவர் கணக்கில் 93 தலைமை பிராசிகியூட்டர்கள். அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். அதிபர் விரும்பும் வரை பதவி. புது அதிபர் வந்தால் பழைய ஆட்களைப் போகச் சொல்வது வழக்கம். 1993இல் கிளிண்டன் ஆட்சி வந்ததும் ஏறக்குறைய எல்லாரையும் ஒரேயடியாக ராஜினாமா கேட்டார்கள். முணுமுணுப்பு வந்தது, அடங்கியது. காரணம், அது ஆள் பார்த்துப் பொறுக்கிய வேலையாகத் தெரியவில்லை.

2006 வேறு மாதிரி. ஜார்ஜ் புஷ் இரண்டாம் முறை ஆட்சியின் நடுவில் இருக்கிறார். டிசம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் ஏழு பிராசிகியூட்டர்களுக்குப் போன் போட்டு ராஜினாமா கேட்கிறார்கள். அதற்கு முன்பே இரண்டு பேரை அனுப்பியாகிவிட்டது. ஆக மொத்தம் ஒன்பது. எல்லாரும் புஷ்ஷே நியமித்தவர்கள். சொந்தக் கட்சி அரசாங்கம் வைத்த ஆட்களை அதே அரசாங்கம் எதற்காக நடுவழியில் இறக்கிவிடுகிறது?

நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியஸ் கதையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அங்கே எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட ஊழல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் தேர்தல். அக்டோபரில் அவருக்கு இரண்டு போன். ஒன்று ஆளுங்கட்சி மக்களவை உறுப்பினர் ஹெதர் வில்சன், அந்தத் தேர்தலில் கழுத்தைப் பிடிக்கும் போட்டியில் இருந்தவர். இன்னொன்று செனட்டர் பீட் டொமினிச்சி, இக்லேசியஸின் வீட்டுக்கே. பிறகு நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து இக்லேசியஸ் சொன்னபடி, குற்றச்சாட்டு நவம்பருக்கு முன்னால் வருமா என்று செனட்டர் கேட்டார். வராது என்று இவர் சொன்னார். அதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் குரல், அடுத்த நொடி லைன் அறுந்தது. சில வாரங்களில் இவர் பெயர் நீக்கப் பட்டியலில் ஏறியது. அழுத்தம் கொடுக்கவில்லை என்பதே அந்த இருவரின் பதில்.

எதிர்க்கட்சிக்காரன் மேல் வழக்குப் போடாதே என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போடு, ஆனால் தேர்தலுக்கு முன்னால் போடு என்றுதான் எதிர்பார்த்தார்கள். அரசியல் உள்நோக்கம் என்றால் நாம் உடனே நினைப்பது தன் ஆளைக் காப்பாற்றுவதைத்தான். எதிராளியைத் தக்க நேரத்தில் அடிப்பதும் அதே வகைதான், தேதியைக் கொண்டு மட்டும்கூட அடிக்கலாம்.

நீதித் துறை முதலில் சொன்ன காரணம், வேலைத் திறன் போதவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் மதிப்பீட்டு அறிக்கைகள் நன்றாக இருந்தன. ஆர்கன்சாவின் பட் கம்மின்ஸ் விஷயத்தில், வேறொருவருக்கு இடம் கொடுக்கவே அனுப்பினோம் என்று துறையின் இரண்டாம் நிலைத் தலைவரே ஒப்புக்கொண்டார். அந்த வேறொருவர், அதிபரின் அரசியல் ஆலோசகரிடம் வேலை பார்த்தவர். பிறகு மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. சட்டத்துறைத் தலைவரின் தலைமை உதவியாளர் கைல் சாம்சன் 2005லேயே பிராசிகியூட்டர்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். தரம் பார்த்த அளவுகோல்களில் அதிபருக்குக் காட்டும் விசுவாசமும் ஒன்று. இன்னொரு பக்கம், செனட்டைக் கேட்காமலேயே இடைக்கால ஆளை எத்தனை காலத்துக்கும் உட்கார வைக்க வழிசெய்யும் ஒரு வரி 2006 மார்ச்சில் சத்தமில்லாமல் சட்டத்தில் நுழைந்திருந்தது. விஷயம் வெடித்ததும் 2007இல் அதை நீக்கினார்கள். சட்டத்துறைத் தலைவர் அல்பெர்ட்டோ கொன்சாலஸ் செனட் குழு முன்னால் உட்கார்ந்து நினைவில்லை, நினைவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2007 ஆகஸ்ட்டில் ராஜினாமாவை அறிவித்தார்.

முடிவு என்ன? நீதித் துறையின் சொந்தத் தணிக்கை அதிகாரிகள் 2008 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். நீக்கிய முறையே அடிப்படையில் கோளாறு என்றது அது. இக்லேசியஸ் நீக்கப்பட்டது கட்சிக்காரர்களின் புகாரால்தான் என்றும் சொன்னது. ஆனால் அதே பட்டியலில் இருந்த சான் டியேகோவின் கேரல் லாம் விஷயத்தில் அப்படிச் சொல்லவில்லை. லாம், ஆளுங்கட்சி மக்களவை உறுப்பினர் ஒருவரை ஊழல் வழக்கில் உள்ளே தள்ளியவர். வெளியிலிருந்து பார்த்தால் இவரைத் தூக்கியதுதான் அப்பட்டமான பழிவாங்கலாகத் தெரியும். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. தணிக்கை அதிகாரிகளோ அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, குடிநுழைவு, துப்பாக்கி வழக்குகளில் அவருடைய எண்ணிக்கை குறைவு என்ற அதிருப்தியே காரணம் என்றார்கள். ஒரே பட்டியல், ஒரே நாள், இரண்டு விதக் காரணம். நீக்கப்பட்டாலே பழிவாங்கல் என்று முடிவு கட்டுபவர்கள் லாம் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசியில் யாராவது சிறைக்குப் போனார்களா? இல்லை. தனி விசாரணையாளர் ஒருவரை வைத்துப் பார்த்தும், குற்ற வழக்குப் போட ஆதாரம் போதாது என்று 2010இல் கோப்பை மூடினார்கள். உள்நோக்கம் ஆளின் மண்டைக்குள் இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது அவ்வளவு எளிதில்லை. ஒருவர் இரண்டு காரணத்தோடு ஒரு வேலையைச் செய்யலாம், வெளியே சொல்ல நல்ல காரணம் எப்போதும் ஒன்று கைவசம் இருக்கும்.

நம் நாட்டு நாற்காலி

2015 ஜூலை தொடக்கம். பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர் நுழைந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகை செய்தி போட்டது. சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ அப்துல் கனி பட்டாய்ல், போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம், பேங்க் நெகாரா ஆகியோர் அடங்கிய சிறப்புப் படை, அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. ஜூலை 28ஆம் தேதி கனி பட்டாய்ல் பதவியிலிருந்து இறக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சொன்ன காரணம் உடல்நலம். அக்டோபரில் அவருக்கு எப்படியும் ஓய்வு. அதே நாளில் 1எம்டிபி பற்றிக் கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முஹிடின் யாசினும் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் எங்கள் பாகான் டத்தோ எம்பி. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவருக்குத் துணை அமைச்சர் பதவி கிடைத்தது, குழு நடத்திய 1எம்டிபி விசாரணை சில காலம் நின்றது.

புதிய சட்டத்துறைத் தலைவர் முகமட் அபாண்டி அலி 2016 ஜனவரி 26ஆம் தேதி, அது சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை, குற்றம் எதுவும் இல்லை என்று விசாரணையை மூடச் சொன்னார். ஆட்சி மாறிய பிறகு அதே நஜிப் மீது வழக்குகள் வந்தன. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் 2020இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2022 ஆகஸ்ட்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்து சிறைக்கு அனுப்பியது.

அக்டோபரில் ஓய்வு பெறப் போகிறவரை ஜூலையிலேயே அனுப்ப என்ன அவசரம் என்பதுதான் இந்தச் சம்பவத்தில் என் மனதை உறுத்துவது. நோக்கத்தை நேரில் பார்க்க முடியாது, உண்மை. அதனால் நான் நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பேன். அன்று அவர் மேசையில் என்ன கோப்பு இருந்தது? ஏன் அந்தத் தேதி? சொன்ன காரணம் அடுத்த மாதமும் அதே காரணமாக இருந்ததா, இல்லை மாறிக்கொண்டே போனதா? புதிதாக வந்தவர் அந்தக் கோப்பை என்ன செய்தார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரச் சில மாதம் பிடிக்கும். பொறுமையில்லாதவர்கள் அதற்குள் கடையில் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள்.

2018இல் மகாதீர் அரசாங்கம் வந்ததும் அபாண்டியின் ஒப்பந்தத்தை முறித்துவிட்டுத்தான் டோமி தாமஸை வைத்தது. எனக்கு அப்போது அது சரியாகப் பட்டது, இப்போதும் அப்படித்தான். ஆனால் முறை அதே முறை: பிரதமர் ஆலோசனை சொல்கிறார், மாமன்னர் ஏற்கிறார், நாற்காலி காலி. நல்லவர் கையில் இருந்தாலும் கெட்டவர் கையில் இருந்தாலும் கத்தி அதே கத்திதான். 2020இல் ஆட்சி கவிழ்ந்ததும் டோமி தாமஸ் தானே விலக, இட்ருஸ் ஹருண் வந்தார். ஐந்தாண்டுக்குள் நான்கு பேர் அந்த நாற்காலியில்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. நீக்கவே தேவையில்லை. ஒப்பந்தம் முடியும் தேதி நெருங்கும்போது நீட்டிப்பு வருமா வராதா என்பதே போதும். டிபிபிக்கள் அரசு ஊழியர்கள், அவர்களைத் தூக்கி வேறு மாநிலத்தில் போட ஒரு கடிதம் போதும். 2015 ஆகஸ்ட்டில் 1எம்டிபி விசாரணையில் இருந்த ஊழல் தடுப்பு ஆணைய மூத்த அதிகாரிகள் இருவரைப் பிரதமர் துறைக்கு மாற்றி உத்தரவு வந்து, கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். ஒருவரை மாற்றினால் பாதிக்கப்படுவது அவர் ஒருவர் மட்டும் இல்லை. அவருக்குக் கீழே கோப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் அதைப் பார்க்கிறார்கள். பிள்ளை பள்ளியில் படிக்கிறது, வீட்டுக் கடன் ஓடுகிறது. அடுத்த பெரிய புள்ளியின் கோப்பைத் திறக்கும்போது கை ஒரு நொடி நிற்காதா?

அமெரிக்காவில் அண்மையில் இதை ஒளிவுமறைவில்லாமலே செய்தார்கள். 2025 ஜனவரியில், டிரம்ப் மீதான வழக்குகளில் வேலை செய்த ஒரு டஜனுக்கு மேற்பட்ட பிராசிகியூட்டர்களுக்கு வேலை போனது. அதிபரின் திட்டத்தை நிறைவேற்ற உங்களை நம்ப முடியாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். செப்டம்பரில் வெர்ஜீனியாவின் கிழக்கு வட்டார பிராசிகியூட்டர் எரிக் சீபெர்ட் அழுத்தத்தில் விலக, குற்ற வழக்கு நடத்திய அனுபவமே இல்லாத ஓர் அம்மையார், அதிபரின் பழைய வழக்கறிஞர், அந்த இடத்துக்கு வந்தார். சில நாட்களில் எஃப்பிஐ முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோமி மீது குற்றச்சாட்டு பதிவானது. நவம்பரில் நீதிபதி ஒருவர், அந்த அம்மையாரின் நியமனமே செல்லாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவசரமாக ஆளை மாற்றியதில் வழக்கே விழுந்தது. நோக்கத்தை நிரூபிக்க முடியாத இடத்தில், நியமன முறையில் விட்ட ஓட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

திரும்ப எங்கள் தொகுதிக்கு

சாஹிட் வழக்கில் யாரும் நீக்கப்படவில்லை. ஆனாலும் கேள்விகள் எழுந்தன. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 47 குற்றச்சாட்டுகளுக்கும் எதிர்வாதம் செய்யச் சொல்லியிருந்தது. எதிர்வாத சாட்சியம் நடந்துகொண்டிருந்த போது, 2023 செப்டம்பரில், அரசுத் தரப்பு 11 காரணங்களை வைத்து வழக்கை நிறுத்தக் கேட்டது. நீதிமன்றம் ‘டிஎன்ஏஏ’ கொடுத்தது, அதாவது விடுதலை ஆகாத விடுவிப்பு. இட்ருஸ் ஹருணின் ஒப்பந்தம் முடிந்ததும் அதே வாரம். அது சட்டத்துறைத் தலைவரின் சொந்த முடிவு, தலையீடு இல்லை என்று பிரதமர் அன்வார் சொன்னார். இந்த ஊரில் அதை நம்புகிறவர்களும் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு மாமா இரண்டையும் ஒரே நாளில் செய்வார்.

டிஎன்ஏஏ என்றால் என்ன என்று இன்னும் பலருக்குக் குழப்பம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 254இன் கீழ் பிராசிகியூட்டர் வழக்கைத் தொடரவில்லை என்றால் நீதிமன்றம் ஆளை விடுவிக்கத்தான் வேண்டும். ஆனால் அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு கிடையாது. அதே குற்றச்சாட்டைப் பிறகு மறுபடியும் கொண்டுவரலாம். முழு விடுதலை கொடுப்பதா, டிஎன்ஏஏ கொடுப்பதா என்பதில் மட்டும் நீதிபதிக்கு இடம் உண்டு. தொடர்ந்து நடத்து என்று பிராசிகியூட்டரை நீதிபதி கட்டாயப்படுத்த முடியாது.

அந்த விருப்ப அதிகாரத்துக்கு வேலியே இல்லையா? நெடுங்காலம் இல்லை என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 2021இல் டத்தோ சுந்தரராஜூ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அந்த அதிகாரமும் முழுக்க முழுக்க எல்லையற்றது இல்லை, அரிதான நிலைகளில் நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்யலாம் என்றது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டத்துறைத் தலைவரின் இரண்டு தொப்பியையும் பிரித்து, வழக்குப் போடுகிறவரைத் தனி ஆளாக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டாக நடக்கிறது. நானும் அதற்கு ஆதரவு. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவரே அமைச்சர் மீது வழக்குப் போட வேண்டும் என்பது அவருக்கும் தர்மசங்கடம். ஆனால் பிரித்தால் மட்டும் போதாது. புதிய ஆளை யார் நியமிக்கிறார், எத்தனை ஆண்டுக்கு, எப்படி நீக்கலாம் என்பதெல்லாம் பழையபடியே இருந்தால் ஒரு நாற்காலி இரண்டு நாற்காலி ஆகும், வேறு மாற்றம் இராது. இன்றைய 145ஆவது விதியின் ஐந்தாம் உட்பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவர் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார். மாமன்னரோ இதில் பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கிறார்.

1957இல் இது இப்படி இல்லை. மெர்டேக்கா அரசியலமைப்பில் சட்டத்துறைத் தலைவரை நீக்குவது ஒரு மூத்த நீதிபதியை நீக்குவதைப் போலக் கடினம். அதே காரணங்கள் இருக்க வேண்டும், அதே நடைமுறை வேண்டும். 1960இல் திருத்தம் கொண்டுவந்து அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். முழுதாக எடுக்கவும் இல்லை. 145ஆவது விதியின் ஆறாம் உட்பிரிவைப் புரட்டினால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அல்லாமல் நீக்கக் கூடாது என்று அச்சில் நிற்கிறது. ஆனால் அது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பதவியில் இருந்த ஒருவருக்கு மட்டும்தான். அவருக்குப் பின் வந்த எவருக்கும் அந்த வரி பொருந்தாது.